கொல்லைக் கதவிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு கும்பகோணத்தில் இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று பழைய வீடு. பின்பக்கம் மட்டும் அப்பா காலத்தில் காங்கிரீட் போட்டு மாடிப்படி கட்டினார்கள். அம்மாவுக்கு 71 வயது, தனியாக இருக்கிறார். வருடத்தில் இரண்டு மாதம் பெங்களூருவில் என்னிடம் வந்து தங்குவார், அப்போது வீடு பூட்டியிருக்கும். சென்ற மாதம் எங்கள் தெருவில் பூட்டிய வீடு ஒன்றில் மாடிக் கதவை நெம்பிப் பித்தளைப் பாத்திரங்களை எடுத்துப் போய்விட்டார்கள். ஆள் வைத்து அலாரம் மாட்ட 38,000 ரூபாய் கேட்டார்கள். நான் ஆன்லைனில் 14,000 ரூபாய்க்கு ஒரு வயர்லெஸ் கிட் வாங்கிவிட்டேன்: ஹப் (எல்லாச் சென்சாரும் தகவல் அனுப்பும் நடுப் பெட்டி) ஒன்று, கதவு சென்சார் நான்கு, மோஷன் சென்சார் இரண்டு, வெளியே வைக்கும் சைரன், கீபேட், ரிமோட் இரண்டு. இங்கே ஃப்ளாட்டில், பால்கனியைப் பார்த்தபடி ஒரு மோஷன் சென்சாரை வைத்துச் சோதித்தேன். வீட்டில் யாரும் இல்லாமலே இரண்டு முறை அலறியது. அம்மாவோ, “இந்தக் கத்தலுக்குத் திருடனே மேல்” என்கிறார். பொங்கலுக்கு நான்கு நாள் லீவில் ஊருக்குப் போகிறேன். நானே மாட்டிவிட முடியுமா? கூடத்தில் ஒரு கேமராவும் வைத்துவிட்டால் அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாக நீங்களே மாட்டலாம். டிரில்லிங் மெஷின் பிடிக்கத் தெரிந்தால் போதும், தெரியாவிட்டால் தெருவில் ஓர் எலக்ட்ரீஷியனை அரை நாள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் பத்தொன்பது வருடமாகத் திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் வரை இந்த வேலையைச் செய்கிறேன். சுவரில் பெட்டியை மாட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பகலில் முடிந்துவிடும். நான் போய்ப் பார்த்த வீடுகளில் அலாரம் பயன்படாமல் போனதற்கு, மாட்டியது சரியில்லை என்பதைவிட, வீட்டில் இருப்பவர்கள் அதை ஆஃப் செய்து வைத்ததுதான் பெரும்பாலும் காரணம். உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரு வரியைத்தான் உங்கள் கடிதத்தில் நான் அதிகம் கவனித்தேன். நான்கு நாளில் ஒரு நாளைச் சுவருக்கும், மூன்று நாளை அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன்பே பெங்களூருவில் செய்ய வேண்டிய சோதனைகள் இருக்கின்றன. கிட்டைத் திருப்பித் தரும் தேதி தாண்டுவதற்குள் செய்துவிடுங்கள். சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி வையுங்கள். ஒவ்வொரு சென்சாரிலும் பேட்டரிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும், அதை உருவி, ஒவ்வொன்றாக ஹப்புடன் சேருங்கள். சேர்க்கும்போதே பெயரும் வைத்துவிடுங்கள். ‘சென்சார் 3’ என்று விட்டுவிடாமல், ‘கொல்லைக் கதவு’, ‘மாடிக் கதவு’ என்று வையுங்கள். ஆப் தமிழ் எழுத்தை ஏற்காவிட்டால் ஆங்கில எழுத்திலாவது அதே பெயரை வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போனைப் பார்க்கும்போது எந்தக் கதவு என்று யோசிக்க வேண்டியிருக்கக் கூடாது. பெயர் எழுதிய சின்ன ஸ்டிக்கரைச் சென்சாரின் முதுகிலும் ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, ஒரு கதவு சென்சாரின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாள் காத்திருங்கள். நல்ல கருவியாக இருந்தால், அந்தச் சென்சாருடன் தொடர்பு போய்விட்டது என்று ஆப் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சென்சாரும் ஹப்பும் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று அவ்வப்போது பேசிக்கொள்ளும் அமைப்பு இருந்தால்தான் இது நடக்கும். மலிவான பழைய வகைகளில் கதவு திறக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் சென்சார் வாய் திறக்கும், மற்ற நேரம் செத்துக் கிடந்தாலும் ஹப்புக்குத் தெரியாது. அந்த வகைகள் பலவற்றில் ரிமோட் அனுப்பும் குறியீடும் மாறாமல் ஒன்றாகவே இருக்கும், ஒருமுறை பதிவு செய்து திரும்ப அனுப்பினால் ஹப் ஏமாந்துவிடும். ஒரு நாள் முழுக்க ஆப் மௌனமாக இருந்தால் கிட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இன்னொரு சோதனை கரண்ட்டுக்கு. ஹப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் பேட்டரியில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். கும்பகோணத்து வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஹப், வைஃபை ரூட்டர், ஃபைபர் கம்பி வந்து சேரும் சின்னப் பெட்டி ஆகிய மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். பலரும் ரூட்டரை மட்டும் மாற்றிவிட்டு அந்தச் சின்னப் பெட்டியின் அடாப்டரை மறந்துவிடுகிறார்கள். கரண்ட் போனால் ரூட்டர் விளக்கு எரியும், இன்டர்நெட் இருக்காது.

ஹப்பில் சிம் கார்டு போடும் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாக்கடைக்குத் தோண்டும்போது கேபிள் அறுந்தால் உங்கள் இன்டர்நெட் ஒரு வாரம்வரைகூட இல்லாமல் போகலாம், அப்போது சிம்தான் கை கொடுக்கும். ஆனால் பல ஹப்களில் உள்ளே இருப்பது 2ஜி மோடம். ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் ஹப்புக்கு சிக்னல் வராது. 2ஜி ஹப்பாக இருந்தால் வேறு நிறுவனத்தின் சிம் போடுங்கள், 4ஜி ஹப்பாக இருந்தால் கவலை இல்லை. எந்த சிம்மானாலும் ரீசார்ஜ் தேதியை உங்கள் போன் காலண்டரில் குறித்து வையுங்கள். ஹப்புக்குள் இருக்கும் சிம்மை யாருமே நினைத்துப் பார்ப்பதில்லை, அது சத்தமில்லாமல் செத்துப்போகும்.

சரி, இப்போது ஊருக்குப் போவோம். முதல் நாள் காலையில் சென்சாரைத் தொடாதீர்கள். வெறும் கையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள், திருட வருகிறவன் பார்ப்பதுபோலப் பாருங்கள். தெருவைப் பார்த்த வாசல் கதவு உங்கள் வீட்டில் கனமான பழைய தேக்குக் கதவாக இருக்கும், எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்வை வேறு விழும். அதை யாரும் தொட மாட்டார்கள். கொல்லைக் கதவுக்கு அநேகமாக ஒரே ஒரு தாழ்ப்பாள், அதுவும் துருப்பிடித்த ஸ்க்ரூவில் ஆடிக்கொண்டிருக்கும். மொட்டை மாடிக் கதவோ மழையில் ஊறி, அடிப்பக்கம் உப்பி, பிளைவுட் பிரிந்து நிற்கும். முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி போட்டிருக்கிறீர்களா? அதைப் பிடித்திருக்கும் சிமென்ட் உதிரவில்லையே? பக்கத்து வீட்டு மாடியிலிருந்து உங்கள் மாடிக்கு ஒரு எட்டில் தாண்ட முடியுமா? இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்.

அப்புறம் ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் கொல்லைக் கதவுக்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை போடச் சொல்லுங்கள். மாடிக் கதவு பிளைவுட் என்றால் இரும்புத் தகட்டுக் கதவு மாற்றிவிடுங்கள். கதவு சென்சார், கதவு திறந்த பிறகுதான் பேசும். திறக்கவே பத்து நிமிடம் நெம்ப வேண்டியிருந்தால் அந்தச் சத்தத்திலேயே பாதிப் பேர் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் 14,000 ரூபாய் கிட்டைவிட அந்த இரும்புப் பட்டைக்கு நான் அதிக மரியாதை தருவேன்.

இனி மாட்டுவோம். நான்கு கதவு சென்சாரில் முதலாவது கொல்லைக் கதவுக்கு, இரண்டாவது மாடிக் கதவுக்கு. வாசல் கதவு மூன்றாவதுதான். நான்காவதை பீரோ இருக்கும் அறைக் கதவில் வையுங்கள்.

கதவு சென்சாரின் கதை எளிது. பெரிய துண்டுக்குள் ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் மயிரிழைபோல இரண்டு உலோகத் தகடுகள். சின்னத் துண்டு வெறும் காந்தம். காந்தம் பக்கத்தில் இருந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். பிரிந்தவுடன் ஹப்புக்குத் தகவல் போகும். பெரிய துண்டை அசையாத நிலைக்கட்டையிலும், காந்தத்தைக் கதவிலும் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே பொதுவாக ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்வரை இடைவெளி தாங்கும். நீங்கள் போவது தை பிறக்கும்போது, மழை முடிந்து மரம் இன்னும் ஊறியிருக்கும் காலம். அப்போது இடைவெளி கச்சிதமாக இருப்பதுபோலத் தெரியும். சித்திரை வெயிலில் அதே கதவு காய்ந்து சுருங்கும், தாழ்ப்பாள் போட்டாலும் இரண்டு பக்கமும் ஆடும். இடைவெளி கூடிக் காந்தம் கைவிட்டுவிடும், கதவு மூடியிருக்கும்போதே ‘திறந்திருக்கிறது’ என்று அலாரம் வரும். அதனால் இப்போது அரை சென்டிமீட்டருக்குள் வையுங்கள். வைத்துவிட்டு, கதவைத் தாழிட்டபடியே உள்ளங்கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆப் அமைதியாக இருந்தால் சரி.

கிட்டோடு வரும் டபுள் டேப்பை நம்பாதீர்கள். பழைய வீட்டுச் சுவரில் வெள்ளையடித்து வெள்ளையடித்து ஏறியிருக்கும் சுண்ணாம்பு ஏடு ஏடாக உரியும். டேப் அந்த ஏட்டில்தான் ஒட்டும், சுவரில் ஒட்டாது. நிலைக்கட்டையில் சின்ன ஸ்க்ரூவே போதும், தேக்காக இருந்தால் முதலில் மெல்லிய பிட்டால் ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்க்ரூ தலை உடைந்துவிடும். மோஷன் சென்சார், சைரன் இரண்டையும் சுவரில்தான் மாட்ட வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் டிரில் வைத்தால் ஓட்டை பெரிதாகிப் பொடி கொட்டும், பிளாஸ்டிக் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் பழைய கொத்தனார்கள் செய்வதுபோல ஒரு மர ஆப்பை அடித்து இறுக்கி, அதில் ஸ்க்ரூ போடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் மட்டும் டிரில் வைக்க வேண்டாம், கன்சீல்டு ஒயர் அந்த நேர்க்கோட்டில்தான் போயிருக்கும். ரேழியில் இரும்பு கேட் இருந்தால் அதில் இந்த சென்சாரை வைக்காதீர்கள். இரும்பு காந்தத்தின் பலத்தை இழுத்துக்கொள்ளும், அதற்கென்று தனி வகை உண்டு.

இப்போது உங்களை அலற வைத்த மோஷன் சென்சாருக்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால் பாதித் தலைவலி தீர்ந்தது.

இந்தச் சென்சாருக்கு உருவம் தெரியாது. நம் உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் மட்டும்தான் தெரியும். முன்னால் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கட்டம் கட்டமாக வரிகள் தெரியும். அது அறையை விசிறி மடிப்புபோலப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. சூடான ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகர்ந்தால் அதற்கு ‘யாரோ நடக்கிறார்கள்’ என்று பொருள். அதனால்தான் குறுக்கே நடப்பவரை உடனே பிடித்துவிடும், நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். உங்கள் ஃப்ளாட்டில் பால்கனி வழியாக வெயில் விழுந்து தரை சூடாகியிருக்கும், மேகம் வந்து மறைத்திருக்கும், காற்றில் திரைச்சீலை ஆடியிருக்கும். சென்சாரின் கணக்கில் அதுவும் ஓர் ஆள். குறை அதன் மேல் இல்லை, அது பார்த்த திசையில்தான்.

நானும் இதில் தவறு செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் மேற்கு ஜன்னலைப் பார்த்தபடி மாட்டிவிட்டு வந்தேன். தினம் சாயங்காலம் நாலரை மணிக்கு அலறியது. மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பெரியவர் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டார். நான் போய் மன்னிப்புக் கேட்டு, வேறு சுவரில் மாட்டித் தருவதாகச் சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. ஒருமுறை நம்பிக்கை போனால் போனதுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

உங்கள் வீட்டில் முற்றம் இருக்கிறது. முற்றத்தில் வெயில் இறங்கும், பூனை குதிக்கும், மழைச்சாரல் அடிக்கும். ஆகவே எந்தச் சென்சாரும் முற்றத்தைப் பார்க்கக் கூடாது. கூடத்தில் முற்றத்துக்கு முதுகைக் காட்டும் மூலையில், தரையிலிருந்து ஏழடி உயரத்தில், கொல்லைப்புறத்திலிருந்து வருகிறவர் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்ற கோணத்தில் ஒன்றை மாட்டுங்கள். இரண்டாவதை மாடிப்படி இறங்கும் இடத்தில், படிக்குப் பக்கவாட்டுச் சுவரில் வையுங்கள். பூஜை விளக்கு, அடுப்பு, ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஆகியவற்றை அவை பார்க்க வேண்டாம். இடம் பிடித்துவிட்டது என்று தோன்றினால் உடனே ஸ்க்ரூ போடாமல், முதலில் சென்சாரை அலமாரியை ஒட்டி ஒரு ஸ்டூல் மேல் வைத்து, வாக் டெஸ்ட் என்ற நிலையில் ஆப்பைப் போட்டு, நீங்களே திருடனைப்போல நடந்து பாருங்கள். பூனைபோல அடிமேல் அடி வைத்தும் நடங்கள், வேகமாகவும் நடங்கள்.

நம் ஊருக்கே உரிய இரண்டு விஷயங்கள். ஒன்று பல்லி. விட்டத்திலிருந்து இறங்கி வரும் பல்லி சென்சாரின் முகத்திலேயே ஊர்ந்தால், பத்தடி தள்ளி நிற்கும் மனிதன்போல அதற்குத் தெரியும். டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் பூச்சிக்காகப் பல்லி காத்திருக்கும், அங்கே சென்சார் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை காய்ந்த துணியால் முகத்தைத் துடைத்து ஒட்டடையை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது வெயில். சென்சார் பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. மே மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில், காங்கிரீட் கூரைக்குக் கீழே, அறையின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மனிதத் தோலும் அறைச் சுவரும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். நல்ல சென்சார்கள் இதற்கு ஓரளவு ஈடுகட்டும், ஆனாலும் தூரம் குறையும். அதனால்தான் கதவு சென்சாரை முதலில் சொன்னேன். காந்தத்துக்குக் கோடையும் தெரியாது, குளிரும் தெரியாது.

ஹப்பை வீட்டின் நடுவில், வாசலிலிருந்து கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோ மேலேயோ, டிவிக்குப் பின்னாலேயோ வேண்டாம். பெட்டியில் ‘100 மீட்டர்’ என்று போட்டிருப்பது மைதானக் கணக்கு. உங்கள் பழைய சுவர் ஒன்றேகால் அடி கனம் இருக்கும், பின்பக்கம் கம்பி கட்டிய காங்கிரீட். மாடிக் கதவு சென்சார்தான் கஷ்டப்படும். ஆப்பில் சிக்னல் அளவு காட்டும், குறைவாக இருந்தால் ஹப்பைப் படிக்கட்டுப் பக்கம் இரண்டடி நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். முதல் முறை வைஃபையில் சேர்க்கும்போது ஹப் அடம்பிடித்தால், ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிட்டு 2.4-ஐ மட்டும் வைத்துச் சேருங்கள். இந்தக் கருவிகள் பெரும்பாலும் 2.4-ல் மட்டுமே பேசும்.

சைரன் விஷயத்தில் அம்மா சொல்வது முழுக்க நியாயம். நூறு டெசிபலுக்கு மேல் கத்தும் ஒன்றை 71 வயதுப் பெண்மணியின் தலைமாட்டில் வைப்பது தவறு. அவர் பதறி எழுந்து இருட்டில் கால் தடுக்கி விழுந்தால், திருடனால் வரும் நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டம். ஹப்புக்குள் இருக்கும் சைரனை மிகக் குறைந்த ஒலியில் வையுங்கள், முடிந்தால் அணைத்துவிடுங்கள். பெரிய சைரனைத் தெருப்பக்கம், தாழ்வாரத்துக்குக் கீழே, ஏணி போட்டால்தான் எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். சத்தம் தெருவுக்குப் போக வேண்டும். வந்தவன் ஓடுவதற்கும் தெரு எழுவதற்கும்தான் அது.

முதல் ஒரு வாரம் சைரனை இணைக்கவே வேண்டாம். உங்கள் போனுக்கு மட்டும் தகவல் வரட்டும். அந்த வாரத்தில் எத்தனை பொய் அலாரம் வருகிறது, எந்த நேரத்தில், எந்தச் சென்சாரிலிருந்து என்று பாருங்கள். பூஜ்யம் ஆன பிறகு, ஊரில் இருக்கும் சொந்தக்காரப் பையன் யாரையாவது வைத்து, நீங்கள் போனில் இருந்தபடி சைரனைச் சேர்க்கலாம்.

அம்மா வீட்டில் இருக்கும் நாட்களுக்கு ‘ஸ்டே’ என்று ஒரு நிலை இருக்கும். அதில் கதவு சென்சார்கள் மட்டும் விழித்திருக்கும், உள்ளே இருக்கும் மோஷன் சென்சார்கள் தூங்கும். ராத்திரி அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தால் எதுவும் கத்தாது. அவர் பெங்களூரு வரும்போது மட்டும் முழு நிலை. கீபேட் எண்ணை அவர் மறக்க முடியாததாக வையுங்கள், ஆனால் பிறந்த வருடம் வேண்டாம். ரிமோட்டில் நான்கு பட்டன் இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி. அணைக்கும் பட்டனில் ஒரு துளி சிவப்பு நகப்பூச்சு வைத்துவிடுங்கள். கண்ணாடி இல்லாமலும் தெரியும், விரலுக்கும் தட்டும்.

ரிமோட்டிலோ தனியாகவோ அவசர பட்டன் ஒன்று இருக்கும். உங்கள் வீட்டுக்கு இந்த மொத்தக் கிட்டிலும் மிக முக்கியமான பொருள் அதுதான் என்பேன். தனியாக இருக்கும் முதியவருக்குத் திருடன் வருவதைவிடக் குளியலறையில் வழுக்குவது அதிகம் நடக்கக்கூடியது. ஒரு பட்டனைக் கட்டிலோரம் வையுங்கள். இன்னொன்று தனியாக வாங்கிக் குளியலறைச் சுவரில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒட்டுங்கள். நின்றபடி எட்டும் உயரத்தில் வைத்தால் விழுந்தவருக்கு எட்டாது. தண்ணீர் புகாத வகை என்று பார்த்து வாங்குங்கள்.

கேமரா பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடத்தில் வேண்டாம். அது அம்மாவின் வீடு. அவர் தலை துவட்டுவார், தரையில் படுத்துத் தூங்குவார், யாருடனாவது மனம்விட்டுப் பேசுவார். மகள்தான் பார்க்கிறாள் என்றாலும் பார்க்கப்படுகிறோம் என்ற நினைப்பு ஒரு சுமை. என் அனுபவத்தில், உள்ளே கேமரா வைத்த பல வீடுகளில் சில வாரத்தில் அதன் மேல் ஒரு துண்டு தொங்கும். அவர் நலமாக இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால், காலை ஏழு மணிக்குக் கொல்லைக் கதவு திறந்ததா என்று ஆப்பில் பார்த்தாலே தெரிந்துவிடும். தினம் திறக்கும் நேரத்தில் திறக்கவில்லை என்றால் போன் போடுங்கள். வாசலுக்கும் கொல்லைக்கும் வெளியே ஒவ்வொரு கேமரா வைக்கலாம், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்காதபடி. வாங்கும்போது, இந்தியாவில் 2025 ஏப்ரலிலிருந்து சிசிடிவி கேமராக்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பாதுகாப்புச் சோதனையில் தேறியதா என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், பாஸ்வேர்டு மாற்றாத லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றி, அவற்றை வைத்தே பெரிய இணையதளங்களை முடக்கியது. அந்தக் கேமராக்களும் யாரோ ஒருவரின் வீட்டில் மாட்டியிருந்தவைதான்.

மீதி இருப்பது, அலாரம் அடித்தால் யார் வருவார்கள் என்பது. உங்கள் போன் பெங்களூருவில் இருக்கிறது. நீங்கள் மாட்டும் கிட் தானாகப் போலீஸைக் கூப்பிடாது. பக்கத்து வீடு, எதிர்வீடு, தெருமுனைக் கடை என்று மூன்று பேரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், பொங்கல் கையோடு போனால் பேச்சு சுலபம். ஆப் அனுமதித்தால் அவர்களில் ஒருவரின் எண்ணையும் சேருங்கள், வெறும் மெசேஜாக இல்லாமல் போன் அழைப்பாகப் போகும்படி வையுங்கள். உங்கள் போனிலும் சைலன்ட்டை மீறி அந்த ஆப் ஒலிக்கும்படி செட்டிங் மாற்றுங்கள். அவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: சைரன் கேட்டால் தனியாக உள்ளே போக வேண்டாம். விளக்கைப் போட்டுக் குரல் கொடுத்து, 100 அல்லது 112-க்கு அடித்தால் போதும். வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூரு வரும்போது உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், ரோந்து போகும்போது பார்த்துக்கொள்வார்கள். அம்மா போனில் தமிழ்நாடு காவல்துறை 2022-ல் கொண்டுவந்த ‘காவல் உதவி’ ஆப்பையும் போட்டு, அவசர பட்டனைக் காட்டிக் கொடுங்கள். நகைகளை மட்டும் எந்தச் சென்சாரையும் நம்பி வீட்டில் வைக்காதீர்கள், வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள்.

வெளிக் கேமராவுக்கு ஒயர் இழுப்பது, தாழ்வாரத்தில் புதிய பிளக் பாயின்ட் போடுவது, இவற்றை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். யாராவது கொல்லைக் கம்பிவேலியில் லேசாகக் கரண்ட் விடலாம் என்று யோசனை சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். அது உயிரைக் கொல்லும், வழக்கிலும் மாட்டிவிடும்.

இரண்டாம் நாள் மாலையே அம்மாவிடம் ரிமோட்டைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் செய்து காட்டுவதோடு நிறுத்தாமல், அவரே ஆன் செய்து, அவரே கொல்லைக் கதவைத் திறந்து, அவரே அணைக்கட்டும். காலை ஒருமுறை, ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை. தப்பாக அழுத்தினாலும் நீங்கள் பிடுங்கிச் செய்யாதீர்கள். கிளம்பும் நாளில் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை போய் நில்லுங்கள். அம்மா உள்ளேயிருந்து கதவைச் சாத்தி, ரிமோட்டை அழுத்தி, உங்கள் போனில் ‘ஸ்டே’ என்று வந்த பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடியுங்கள்.